ரொட்டேஷன் வந்தா டெக்ல எதை முதல்ல பாக்கணும்? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ரொட்டேஷன் (பழைய கார்டுங்களை போட்டில செல்லாததாக்கறது) பத்திதான், அதனால மத்ததெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சுட்டு இதுக்கே இடம் குடுத்துட்டேன்.

கேள்வி: அண்ணா, நான் போக்கிமான் கார்டு கேம் ஆட ஆரம்பிச்சு ஒரு வருஷம்தான் ஆகுது. ரொட்டேஷன் லிஸ்ட் பாத்தேன், என் டெக்கோட மெயின் அட்டாக்கர் போகல. அப்ப என் டெக் தப்பிச்சுதுன்னு எடுத்துக்கலாமா?

பதில்: இல்ல தம்பி, அவசரப்படாதீங்க. எல்லாரும் முதல்ல அட்டாக்கரைத்தான் பாக்கறாங்க, நான் அதை கடைசியாதான் பாப்பேன். கார்டோட கீழ் இடது மூலைல ஒரு எழுத்து இருக்கும் பாருங்க, 2020ல டி-ல ஆரம்பிச்சது அது, ஸ்டாண்டர்ட்ல, அதாவது புது கார்டு மட்டும் செல்ற போட்டி வகைல, எந்த எழுத்து செல்லும் எது செல்லாதுங்கறதுதான் ரொட்டேஷன். 2023ல டி போச்சு, 2024ல இ போச்சு, 2025 ஏப்ரல்ல எஃப் போச்சு. போற எழுத்து இருக்கற ட்ரா கார்டு (கைக்கு கூடுதலா கார்டு எடுக்க விடறது) எத்தனை, தேடி எடுக்கற கார்டு எத்தனைன்னு எண்ணுங்க. உங்க டெக் எவ்ளோ வேகமா செட்டாகுதுங்கறது அந்த கார்டுங்களோட கைலதான் இருக்கு.

கார்டெவ்வார் இஎக்ஸ் டெக்கை எடுத்துக்கோங்க. கார்டெவ்வார் எழுத்து ஜி, 2025 ரொட்டேஷன்ல அதுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அது டிஸ்கார்ட் பைல்ல (தூக்கி போட்ட கார்டு குவியல்) இருக்கற சைக்கிக் எனர்ஜியை எடுத்து ஒட்டற கார்டு, அப்ப எனர்ஜி முதல்ல டிஸ்கார்டுக்கு போயாகணும் இல்லையா, அந்த வேலையை கிர்லியா பாத்துட்டு இருந்துச்சு, ஒரு கார்டை தூக்கி போட்டுட்டு ரெண்டு கார்டு எடுக்கற ரிஃபைன்மென்ட்ங்கற எபிலிட்டி (போக்கிமானோட தனித் திறமை), பெஞ்ச்ல (பின்னாடி காத்திருக்கற இடம்) ரெண்டு மூணு கிர்லியா உக்காந்தா கை நிறைய கார்டு, டிஸ்கார்ட் நிறைய எனர்ஜி. கூடவே ரேடியன்ட் கிரெனிஞ்சா, அதுவும் ஒரு எனர்ஜியை போட்டு ரெண்டு கார்டு எடுக்கும். இது ரெண்டும் எஃப். ஒரே நாள்ல ரெண்டும் காலி.

நிறைய பேர் அந்த டெக் முடிஞ்சுதுன்னு எழுதிட்டாங்க. முடியல. 2023 உலக சாம்பியன்ஷிப்ல ஜெயிச்ச கார்டெவ்வார் 2025லயும் ஜெயிச்சுது, ஆனா ரெண்டும் ஒரே டெக்னு சொல்ல எனக்கு மனசு வராது. எனர்ஜியை டிஸ்கார்டுக்கு தள்றதுக்கு 2025ல அல்ட்ரா பால், எர்த்தன் வெசல் மாதிரி ஐட்டம் கார்டுதான் வழி, அப்ப அந்த ஐட்டத்தை எந்த டர்ன்ல ஆடறோம், கைல எதை வெச்சுக்கறோம் எதை விடறோம்னு ஒவ்வொரு டர்னும் யோசிக்க வேண்டியதாச்சு. முன்னாடி கிர்லியா தப்பை மன்னிச்சுடும், அடுத்த ரெண்டு கார்டுல எதாவது வந்துடும். அது போனப்புறம் அந்த மன்னிப்பு இல்ல. எதிராளி பட்யூங்கற போக்கிமானை வெச்சு ஐட்டமே ஆட விடாம பூட்டினா இன்னும் கஷ்டம். அதனால மெயின் அட்டாக்கர் தப்பிச்சுதான்னு கேக்காதீங்க, டெக்கோட பழக்கம் தப்பிச்சுதான்னு பாருங்க.

கேள்வி: போன கார்டுக்கு பதிலா புது செட்ல அதே மாதிரி ஒண்ணு வரும்ல சார், நாலை எடுத்துட்டு நாலை வெச்சா வேலை முடிஞ்சுதே?

பதில்: "அதே மாதிரி"ங்கற ரெண்டு வார்த்தைலதான் எல்லா வம்பும் இருக்கு. 2024ல பேட்டில் விஐபி பாஸ் போச்சு. உங்க முதல் டர்ன்ல மட்டும்தான் ஆட முடியும், ஆனா எந்த பேசிக் (முதல் நிலை) போக்கிமானா இருந்தாலும் ரெண்டை நேரா பெஞ்ச்ல இறக்கிடலாம். அதே சமயத்துல டெம்போரல் ஃபோர்ஸஸ் செட்ல பட்டி-பட்டி பாஃபின் வந்துச்சு, இதுவும் ரெண்டு பேசிக்கை இறக்கும், எந்த டர்ன்லயும் ஆடலாம், ஆனா 70 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) அல்லது அதுக்கு கீழ இருக்கறது மட்டும். பாக்க சின்ன வித்தியாசம். ஆனா இதுல யாருக்கு லாபம்னு யோசிங்க. சார்மாண்டர், ரால்ட்ஸ் மாதிரி சின்னதா ஆரம்பிச்சு எவால்வ் ஆகற டெக்குக்கு எந்த டர்ன்லயும் கதவு திறந்தே இருக்கு, 200 ஹெச்பி பேசிக் வெச்சு முதல் டர்ன்லயே மிரட்டற டெக்குக்கு அந்த வேகம் போயிடுச்சு. நாலுக்கு நாலு மாத்தினவங்க சில பேர் டெக்ல பாஃபினால தேடவே முடியாத போக்கிமான்தான் அதிகம்!

எண்ணிக்கையையும் சொல்லிடறேன், இது யாரும் கணக்கு போட்டு பாக்கறதில்ல. 60 கார்டு டெக், ஏழு கார்டு கை. ஒரு வேலைக்கு எட்டு கார்டு இருந்தா ஆரம்ப கைல ஒண்ணாவது வர்ற வாய்ப்பு சுமார் 65 சதவீதம். அது நாலா குறைஞ்சா சுமார் 40. 2023ல குயிக் பால் போனப்ப நிறைய டெக்குக்கு இந்த மாதிரிதான் ஆச்சு, லிஸ்ட்ல பாத்தா நாலே நாலு கார்டுதான் மாறியிருக்கும், ஆட்டத்துல பாத்தா ரெண்டாவது டர்ன்ல நடந்ததெல்லாம் மூணாவது டர்னுக்கு தள்ளிப் போயிருக்கும். நான் சொல்ற வழி இதுதான், பழைய லிஸ்ட்ல ஓட்டை அடைக்காதீங்க, வெறும் பக்கத்துல இருந்து 60ஐயும் திரும்ப எழுதுங்க.

கேள்வி: என் டெக்ல எதுவுமே போகல, நிஜமாவே ஒரு கார்டு கூட. ஆனாலும் ரொட்டேஷனுக்கு அப்புறம் தோத்துட்டே இருக்கேன், ஏன்?

பதில்: உங்க டெக்ல இருந்து எதுவும் போகல, உங்க எதிரிங்களை அடக்கி வெச்சிருந்த கார்டு போயிருக்கும். எனக்கு ரொட்டேஷன்ல ரொம்ப பிடிச்ச விஷயமே இதுதான்.

2024ல போன பாத் டு த பீக் ஞாபகம் இருக்கா? அந்த ஸ்டேடியம் கார்டு மேஜைல இருக்கற வரைக்கும் ரூல் பாக்ஸ் (இஎக்ஸ் மாதிரி கார்டுல தனி விதி எழுதின கட்டம்) இருக்கற எந்த போக்கிமானுக்கும் எபிலிட்டி கிடையாது. பிட்ஜியாட் இஎக்ஸ் டர்னுக்கு ஒரு தடவை டெக்ல இருந்து எந்த கார்டை வேணும்னாலும் எடுக்கும், சாரிஸார்ட் இஎக்ஸ் எவால்வ் ஆன உடனே மூணு ஃபயர் எனர்ஜியை கொண்டு வரும், ஆனா பாத் டு த பீக் மேஜைல இறங்கிட்டா ரெண்டும் சும்மா நிக்கணும். அது போன நாள்ல இருந்து சாரிஸார்ட் ஆடறவங்க தைரியமா மூச்சு விட்டாங்க. அவங்களுக்கு புது கார்டே தேவைப்படல.

மேஜிக்ங்கற இன்னொரு கார்டு கேம்லயும் இதே கதைதான். த வாண்டரிங் எம்பரர்ங்கற கார்டு ஸ்டாண்டர்ட்ல இருந்த காலத்துல எதிராளி நாலு லேண்டை (மத்த கார்டை இறக்க உதவற கார்டு) தொடாம டர்னை குடுத்தாலே நாம அட்டாக் பண்ண யோசிப்போம், ஏன்னா நம்ம டர்ன்லயே இறக்கி, அட்டாக் பண்ணி டேப் ஆன (பக்கவாட்டுல திருப்பி வெச்ச) கிரீச்சரை எக்ஸைல் பண்ணிடுவாங்க, அதாவது ஆட்டத்துல இருந்தே தூக்கிடுவாங்க, கைல அந்த கார்டு இல்லாதவங்க கூட இருக்கற மாதிரி நடிச்சு ஒரு டர்ன் சம்பாதிப்பாங்க. 2024ல அது போனப்ப அந்த பயமும் சேந்து போச்சு. அதனால லிஸ்ட் வந்ததும் உங்க கார்டை தேடறதோட நிறுத்தாதீங்க, எந்த கார்டுக்கு பயந்து யார் யார் ஒதுங்கி இருந்தாங்கன்னு எழுதுங்க, வரப்போற டெக் அதுலதான் இருக்கும்.

கேள்வி: மேஜிக்ல ஒரு கார்டு ஸ்டாண்டர்ட்ல செல்ற காலம் மூணு வருஷம் ஆனது நல்லதா கெட்டதா?

பதில்: வாங்கின கார்டு கூட ஒரு வருஷம் செல்லும்கறதுல ஆடறவங்களுக்கு நல்லது, அதை மறுக்கவே மாட்டேன். 2023 மே மாசம் அறிவிச்சாங்க, அந்த வருஷம் ரொட்டேஷனே இல்ல, அப்புறம் 2024ல புளூம்பரோவோட ஒண்ணு, 2025ல எட்ஜ் ஆஃப் எடர்னிட்டீஸோட ஒண்ணு. ஆனா செட் அதிகமானா ஒண்ணுக்கொண்ணு சேர்ற காம்பினேஷனும் அதிகமாகும், ஆட்டம் வேகமாகும். 2025 ஜூன் 30ல மான்ஸ்ட்ரஸ் ரேஜ், கோரி-ஸ்டீல் கட்டர் உட்பட ஏழு கார்டை ஸ்டாண்டர்ட்ல தடை பண்ண வேண்டி வந்துச்சு, அதுவும் ரொட்டேஷனுக்கு ஒரு மாசம் முன்னாடி. ஃபவுண்டேஷன்ஸ் செட் குறைஞ்சது 2029 வரைக்கும் இருக்கும்னு சொல்லியிருக்காங்க, புதுசா டெக் கட்டறவங்க அதுல இருந்து தொடங்கினா அடிக்கடி பிரிச்சு கட்ட வேண்டியதில்ல.

கேள்வி: யூ-கி-ஓ கார்டு கேம்ல ரொட்டேஷனே இல்லையே, அதுதானே நிம்மதி?

பதில்: ரொட்டேஷன் இல்ல, தடை லிஸ்ட் இருக்கு. தேதி தெரிஞ்சு போறதும் திடீர்னு போறதும் ஒண்ணா? லிஸ்ட்ல வராத கார்டு கூட புது கார்டோட வேகத்துக்கு ஈடு குடுக்க முடியாம தானா ஒதுங்கிடும். எனக்கு ரொட்டேஷன்தான் பிடிக்கும், முன்கூட்டியே தயாராக முடியுது.

கேள்வி: பழைய கார்டை எல்லாம் குடுத்துடலாமா?

பதில்: குடுக்கறதுக்கு முன்னாடி ரீபிரிண்ட் ஆகியிருக்கான்னு பாருங்க. அல்ட்ரா பால், ரேர் கேண்டி எல்லாம் புது எழுத்தோட திரும்ப வந்துச்சு, அப்படி வந்தா வேலை மாறாத பழைய பிரிண்டும் ஸ்டாண்டர்ட்ல செல்லும். மத்ததுக்கு பழைய கார்டும் செல்ற எக்ஸ்பேண்டட் ஃபார்மேட் இருக்கு.

கேள்வி: ரொட்டேஷன் முடிஞ்ச முதல் வாரமே ஒரு டோர்னமென்ட் இருக்கு, என்ன டெக் எடுத்துட்டு போகட்டும்? அக்காகிட்ட கேட்டா கவுன்டர் டெக் (மத்தவங்க ஆடற டெக்கை முறியடிக்க கட்டறது) எடுங்கறா, நீங்க சொல்லுங்க அண்ணா.

பதில்: அக்கா சொல்றது ரெண்டு மாசம் கழிச்சு சரி. முதல் வாரத்துல எதை கவுன்டர் பண்றதுன்னே யாருக்கும் தெரியாது, மெட்டா (எல்லாரும் ஆடற டெக் எதெதுங்கற நிலவரம்) இன்னும் உருவாகல, இல்லாத எதிரிக்கு நாலு கார்டு ஒதுக்கினா உங்க டெக்தான் தடுமாறும். அந்த நேரத்துல எதிர்ல உக்காந்திருக்கறவங்க லிஸ்ட்டும் அரைகுறைதான், அதனால தன் வேலையை ஒவ்வொரு ஆட்டத்துலயும் தவறாம பண்ற நேரடியான வேகமான டெக் எடுங்க, தேடற கார்டையும் ட்ரா கார்டையும் குறைக்காதீங்க, ஒண்ணே ஒண்ணு வெக்கற வித்தை கார்டு எல்லாத்தையும் வீட்லயே விட்டுடுங்க. போறதுக்கு முன்னாடி எதிராளி இல்லாம தனியா டெக்கை கலக்கி ஏழு கார்டு எடுத்து மூணு டர்ன் ஆடி பாருங்க, திரும்ப திரும்ப, மூணாவது டர்ன்ல அட்டாக் வரலன்னா எந்த கார்டு கைல மாட்டிட்டு நிக்குதுன்னு குறிச்சு வெச்சு அதை எடுத்துடுங்க. ஜெயிச்சாலும் தோத்தாலும் எந்தெந்த டெக் வந்துச்சுன்னு எழுதி அக்காகிட்ட குடுங்க, அடுத்த டோர்னமென்ட்டுக்கு அவங்க சொல்ற கவுன்டர் டெக்கை கட்டறதுக்கு அது வேணும்.