‘ஏ>’ வரும் வரை: சிபி/எம் கணினி கட்டுவது பற்றிச் சில கேள்விகள்

என் மேசையில் இசட்80 என்ற பழைய நுண்செயலிச் சிப்பை வைத்துக் கட்டிய மூன்று கணினிகள் இருக்கின்றன. ஒன்று பிரெட்போர்டில், அதாவது சால்டர் இல்லாமல் ஒயர் செருகும் பலகையில், ஒயர்க் காடாக நிற்கிறது. இன்னொன்று நானே சால்டர் வைத்துக் கட்டியது. மூன்றாவது கிட் வாங்கிப் பொருத்தியது. மூன்றிலும் 1970-களின் சிபி/எம் இயங்குதளம் ஓடுகிறது. ‘கட்டளைக்குத் தயார்’ என்று அது திரையில் காட்டும் அடையாளம்தான் தலைப்பில் இருப்பது. இதைப் பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சிபி/எம் என்ற பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். டாஸ் தெரியும். இது அதற்கு முந்தியதா? ஆபீஸ்களுக்கான இயங்குதளம் என்கிறார்களே, ஏன்?

பதில்: முந்தியதுதான். 1974-ல் கேரி கில்டால் எழுதியது. கலிபோர்னியாவின் மான்டரே நகரில் கடற்படை முதுநிலைக் கல்லூரியில் பாடம் நடத்தியவர் அவர். இன்டெல் 8080 சிப்பையும் அப்போது புதிதாக வந்திருந்த 8 அங்குல ஃபிளாப்பியையும் சேர்த்து வைத்துக்கொண்டு இதை உருவாக்கினார். பிறகு டிஜிட்டல் ரிசர்ச் என்ற நிறுவனம் தொடங்கி விற்றார்.

அந்தக் காலத்து வீட்டுக் கணினியைப் போட்டால் நேராக பேசிக் மொழி வந்து நிற்கும், பிள்ளைகள் விளையாடுவார்கள். சிபி/எம் பெட்டிகள் கடிதம் அடிக்கவும் கணக்குப் பார்க்கவும் வாங்கப்பட்டவை. கடிதம் அடிக்க வேர்ட்ஸ்டார், கணக்குக்கு சூப்பர்கால்க், தகவல்களைத் தொகுக்க டிபேஸ் II எல்லாம் இதில் ஓடின. எந்த நிறுவனத்தின் பெட்டியாக இருந்தாலும் அதே நிரல் ஓடும் என்பது வியாபாரிகளுக்குப் பெரிய நிம்மதி. ஃபிளாப்பி வடிவம் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறி உயிரை வாங்கியது, அது வேறு கதை.

கேள்வி: அவ்வளவு ஓடியது ஏன் காணாமல் போனது?

பதில்: ஐபிஎம் பிசி 1981-ல் வந்தபோது பிசி டாஸ் 40 டாலர். அதே கணினிக்கு வந்த சிபி/எம்-86 240 டாலர். மற்ற கதைகளெல்லாம் இருக்கட்டும், இந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே போதும்.

கேள்வி: ஆஸ்போர்ன் 1 என்ற சிபி/எம் கணினிக்கும் திருவண்ணாமலைக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா?

பதில்: கணினிக்கு இல்லை, அதைக் கொண்டுவந்தவருக்கு உண்டு. ஆடம் ஆஸ்போர்னின் தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியவர். ஆடம் பிறந்தது பாங்காக்கில், 1939-ல். குழந்தைப் பருவம் திருவண்ணாமலையில். 2003-ல் இறந்தது கொடைக்கானலில். 1981-ல் அவர் விற்ற பெட்டி 1795 டாலர், எடை 11 கிலோ, திரை 5 அங்குலம். தூக்கிப் போகலாம் என்றுதான் விளம்பரம். தூக்கியவர் தோளைக் கேட்டால் தெரியும். வேர்ட்ஸ்டாரும் சூப்பர்கால்க்கும் அதோடு இலவசமாகவே வந்தன. நாம் கட்டப்போவது உள்ளுக்குள் ஏறக்குறைய அதே யந்திரம்தான்: இசட்80, 64 கேபி நினைவகம், சிபி/எம் 2.2.

கேள்வி: அண்ணா, நான் மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் மாணவன். கிட் வாங்கலாமா, பிரெட்போர்டில் தொடங்கலாமா?

பதில்: தம்பி, அவசரம் என்றால் கிட். ஆர்சி2014 என்ற கிட்டின் அட்டைகள் நன்றாக இருக்கும், கட்டினால் ஓடும். ஆனால் உன் வயதில் என்றால் பிரெட்போர்டுதான் என் ஓட்டு. முதல் நாளே கணினி கட்டாதே. இசட்80 சிப் ஒன்றை மட்டும் நட்டு, எட்டு டேட்டா கால்களையும் ஒவ்வொரு ரெசிஸ்டர் வழியாகத் தரையோடு சேர். அப்போது சிப் எங்கே படித்தாலும் பூஜ்யம்தான் கிடைக்கும். இசட்80 மொழியில் பூஜ்யம் என்றால் ‘ஒன்றும் செய்யாதே, அடுத்ததற்குப் போ’. அது பாட்டுக்கு 0 முதல் 65,535 வரை எண்ணிக்கொண்டே போகும். அட்ரஸ் கால்களில் எல்இடி மாட்டினால் எண்ணுவது கண்ணுக்குத் தெரியும். 4 மெகாஹெர்ட்ஸ் கிளாக் கொடுத்தால் கடைசி அட்ரஸ் காலின் எல்இடி நொடிக்கு ஏறக்குறைய 15 தடவை துடிக்கும்.

சிப்பை நிறுத்திவைக்கவும் குறுக்கிடவும் இருக்கும் வெயிட், இன்ட், என்எம்ஐ, பஸ்ரிக் கால்களை மறக்காமல் 5 வோல்ட்டோடு சேர்த்துவிடு. அந்தரத்தில் விட்டால் கையை அருகில் கொண்டுபோகும்போது ஓடும், எடுத்தால் நிற்கும். பேய் பிடித்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு சிப்புக்கும் பக்கத்திலேயே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று கட்டாயம்.

கேள்வி: ரோம் (நிரல் அழியாமல் இருக்கும் சிப்) 0-வது முகவரியில் இருக்க வேண்டும் என்கிறார்கள். சிபி/எம்முக்கோ அங்கே ராம் (எழுதி மாற்றக்கூடிய நினைவகம்) வேண்டுமாம். இரண்டும் எப்படி ஒரே இடத்தில் இருக்கும்?

பதில்: முதல்முறை கட்டுகிற எல்லோரும் முட்டிக்கொள்கிற இடம் இது, நானும்தான். ரீசெட் அழுத்தினால் இசட்80 முதல் கட்டளையை 0000-லிருந்துதான் எடுக்கும். அங்கே ரோம் இல்லாவிட்டால் குப்பையைப் படித்து ஓடும். ஆனால் சிபி/எம் தன் முக்கியமான இரண்டு கதவுகளை அங்கேதான் வைத்திருக்கிறது. 0000-ல் மறுதொடக்கத்துக்கான தாவல் (ஜம்ப்) கட்டளை, 0005-ல் இயங்குதளச் சேவைகளுக்கான தாவல். நிரல்கள் ஹெக்ஸ் 0100-ல் ஏறும். இவை ஓடும்போது மாறும் இடங்கள், அதனால் ராம்தான் வேண்டும்.

வழி இதுதான். 74 வரிசை லாஜிக் சிப்புகளில் ஒரு ஃபிளிப்ஃபிளாப் (ஒரு பிட்டை நினைவில் வைப்பது) எடுங்கள். ரீசெட் ஆனதும் அது ‘ரோம் இருக்கு’ நிலையில் நிற்கட்டும். ஒரு போர்ட்டுக்கு ஓர் அவுட் கட்டளை போனதும் ‘ரோம் இல்லை’ என்று மாறட்டும். அப்படியானால் ரோமில் இருந்து ஓடும் நிரலே ரோமை அணைக்கிறது. உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுகிற கதை ஆகாதா? ஆகும். அதற்கும் ஒரு தந்திரம் உண்டு. படிக்கும்போது மட்டும் ரோம் பேசட்டும், எழுதும்போது எப்போதும் ராமுக்கே போகட்டும் என்று ஒயர் செய்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு பைட்டையும் படித்து அதே முகவரியில் திரும்ப எழுதுங்கள். பார்க்க முட்டாள்தனமாக இருக்கும், ஆனால் ரோமுக்கு அடியில் இருக்கும் ராமில் அச்சு அசலாக ஒரு நகல் உருவாகிவிடும். இப்போது ரோமை அணைத்தாலும் அடுத்த கட்டளை நகலிலிருந்து வரும், நிரல் எதையும் உணராது. இது முதல்முறை வேலை செய்த இரவு நான் காரணமே இல்லாமல் பத்து தடவை ரீசெட் அழுத்தினேன்.

கேள்வி: வன்பொருள் தயார். சிபி/எம்மை அதில் எப்படி ஏற்றுவது? பையாஸ் எழுத வேண்டும் என்றதும் பயமாக இருக்கிறது.

பதில்: பயமே வேண்டாம், இதில்தான் ருசியே இருக்கிறது. சிபி/எம்மில் மூன்று அடுக்கு. மேலே சிசிபி, நாம் தட்டும் கட்டளையை வாங்குவது. நடுவில் பிடாஸ், கோப்புகளைப் பார்த்துக்கொள்வது. இவை இரண்டும் சேர்ந்தே ஐந்தரை கேபிதான், எந்த யந்திரத்திலும் மாறாது. கீழே, வன்பொருளோடு நேரடியாகப் பேசும் பையாஸ் மட்டும் உங்கள் பொறுப்பு. 2.2 பதிப்பில் அது 17 தாவல்கள் கொண்ட ஒரு பட்டியல்.

பதினேழு என்று மலைக்காதீர்கள். பஞ்ச், ரீடர் இரண்டும் காகித நாடாவுக்கானவை. சும்மா திரும்பி வந்தால் போதும். பிரிண்டர் இல்லையென்றால் அதற்கான இரண்டும் போச்சு. ‘ஹோம்’ என்றால் 0-வது டிராக், அவ்வளவுதான். டிராக், செக்டர், நினைவக முகவரி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளும் மூன்றும் ஆளுக்கு இரண்டு மூன்று வரிகள். உண்மையான வேலை ஓர் எழுத்தை வாங்குவது, ஓர் எழுத்தை அனுப்புவது, ஒரு செக்டரைப் படிப்பது, எழுதுவது ஆகியவற்றில்தான்.

ஒரே சிக்கல் அளவு. சிபி/எம் 128 பைட் துண்டுகளாகக் கேட்கும். அன்றைய 8 அங்குலத் தட்டில் 77 டிராக், டிராக்குக்கு 26 செக்டர், செக்டருக்கு 128 பைட். அந்தத் தட்டுக்குப் பதில் இன்று நாம் வைக்கும் காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டோ 512 பைட்டாகக் கொடுக்கும். முறைப்படி என்றால் நாலு துண்டுகளைச் சேர்த்துப் பிரிக்கும் நிரல் எழுத வேண்டும். முதல் பதிப்பில் நான் அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு 512-லும் 128-ஐ மட்டும் எழுதி மீதியை வீணாக்கினேன். 2.2-ல் ஒரு டிரைவ் அதிகபட்சம் 8 எம்பிதான். வீணாக்கியும் கார்டில் 32 எம்பி போனது. யாருக்கு நஷ்டம்?

கேள்வி: நிஜமான ஃபிளாப்பி டிரைவ் வைக்க ஆசை.

பதில்: ஆசை நியாயமானது. இரண்டாவது கணினியில் வையுங்கள்.

கேள்வி: ஐயா, 1988-ல் பாலிடெக்னிக்கில் 8085 கிட்டில் ஹெக்ஸ் தட்டிப் பழகியவன் நான், இப்போது ஓய்வு. வீட்டில் இரண்டு 8085 சிப் கிடக்கிறது. அதில் சிபி/எம் ஓடுமா?

பதில்: என்னைப் போய் ஐயா என்கிறீர்களே, நீங்கள்தான் எனக்கு மூத்தவர். தாராளமாக ஓடும். சிபி/எம் 2.2 எழுதப்பட்டதே 8080 கட்டளைகளில். இசட்80-ஐப் போலவே 8085-க்கும் அவை அத்தனையும் புரியும். டேட்டாவும் கீழ்ப்பாதி அட்ரஸும் ஒரே கால்களில் வருவதால், பிரித்தெடுக்க ஒரு 74373 லாட்ச் சிப் கூடுதலாக வேண்டும், அது உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். வேர்ட்ஸ்டார் ஓடும். நிரல் எழுத உதவும் டர்போ பாஸ்கல் மட்டும் இசட்80 கேட்கும்.

கேள்வி: திரையில் எழுத்துக்குப் பதில் கோழி கிறுக்கியது போல வருகிறது.

பதில்: பெரும்பாலும் கணினிக்கும் திரைக்கும் இடையிலான சீரியல் இணைப்பின் வேகம் பொருந்தவில்லை. இதனால்தான் பலரும் 7.3728 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போடுகிறார்கள். 64-ஆல் வகுத்தால் நொடிக்கு 115,200 பிட் என்ற சீரியல் வேகம் சரியாக வரும், மிச்சமே இல்லை. எழுத்துகள் சரியாக வந்து, பெரிய கோப்பு அனுப்பும்போது மட்டும் நடுவில் விழுங்கினால், ‘கொஞ்சம் நிறுத்து’ என்று எதிர்முனைக்குச் சொல்லும் ஆர்டிஎஸ் ஒயரைப் பாருங்கள். நான் மூன்று வாரம் நிரலைச் சந்தேகித்தேன். கடைசியில் பார்த்தால் அந்த ஒயர் பக்கத்து ஓட்டையில் இருந்தது.

கேள்வி: இசட்80 தயாரிப்பையே நிறுத்திவிட்டார்களாமே. இனி எங்கே வாங்குவது?

பதில்: 1976-ல் வந்த சிப். 40 கால் கொண்ட அந்த வரிசைக்கு 2024 ஜூன் 14-தான் கடைசி ஆர்டர் தேதி என்று அதைத் தயாரித்த சைலாக் நிறுவனம் அறிவித்தது. உலகம் முழுக்கப் பழைய இருப்பு நிறையவே உண்டு. ஆனால் போலிகளும் உண்டு, எச்சரிக்கை. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 10 மெகாஹெர்ட்ஸ் சிமாஸ் என்று ஐந்து வாங்கினேன். அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தால் மேலிருந்த எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. உள்ளே இருந்தது மெதுவான, பழைய என்மாஸ் வகைச் சிப். தொட்டால் சூடு, 7.3728-ல் உளறல், 4 மெகாஹெர்ட்ஸில் சாது. தூக்கிப் போடவில்லை, ஒன்று பிரெட்போர்டில் ஓடுகிறது. மற்ற 74 வரிசைச் சிப்புகள், சாக்கெட், கிரிஸ்டல் எல்லாம் சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவில் ஒரு நடை போனாலே பார்த்து வாங்கலாம்.

கேள்வி: சிபி/எம்மைப் பயன்படுத்த உரிமம் வேண்டாமா?

பதில்: வேண்டாம். உரிமை இப்போது யாரிடம் இருக்கிறதோ அவர்கள் தரப்பிலிருந்தே 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம்.

கேள்வி: அதில் தமிழ் வருமா?

பதில்: குறுக்கு வழியில் வரும். திரையாக நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் நம் லேப்டாப்பில் ஓடும் டெர்மினல்தானே. உங்கள் பையாஸ் எட்டாவது பிட்டை வெட்டாமல் அனுப்பினால், யூனிகோட் தமிழ்க் கோப்பை ‘டைப்’ கட்டளையால் காட்டலாம்; ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். எழுத்தைச் சேர்த்து வரைவது லேப்டாப், சிபி/எம்முக்கு அது என்ன மொழி என்றே தெரியாது. வேர்ட்ஸ்டாரில் மட்டும் திறந்துவிடாதீர்கள். எட்டாவது பிட்டை அது தன் சொந்தக் குறிப்புக்கு வைத்திருக்கிறது, உங்கள் கோப்பு கூழாகிவிடும்.

கேள்வி: நேற்று இரவு ‘ஏ>’ வந்துவிட்டது! அடுத்து என்ன?

பதில்: அப்படிப் போடுங்கள்! ‘டிர்’ தட்டி என்ன இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் ‘பிப்’ பழகுங்கள். நகலெடுக்க அதுதான். டாஸ் பழக்கத்தில் தட்டிவிடாதீர்கள், இதில் போகிற இடம் முதலில், வருகிற இடம் பின்னால்: ‘பிப் பி:=ஏ:*.*’ என்றால் ஏ-யிலிருந்து பி-க்கு. நான் ஒருமுறை மாற்றித் தட்டி, ஒரு வாரம் திருத்திய பையாஸ் கோப்பின் மேலேயே பழையதை எழுதிவிட்டேன். கோப்பின் ஒரு நகல் எப்போதும் லேப்டாப்பில் இருக்கட்டும்.