எதிராளியின் ஊரில் பட்டப் போட்டி: கையெழுத்துக்கு முன் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: என் மகள் ஒரு செஸ் சாம்பியன் பட்டத்துக்காக எட்டு ஆட்டங்கள் கொண்ட மேட்ச் ஆடப்போகிறாள். போட்டியை நடத்த விண்ணப்பித்த ஊர்களில் எதிராளியின் ஊர்தான் அதிகத் தொகை சொல்லியிருக்கிறது. அதனால் அங்கே நடத்துவதுதான் நியாயம் என்கிறது கூட்டமைப்பு. மறுக்கலாமா? பாதி ஆட்டங்களை எங்கள் ஊரில் வைக்கச் சொல்லலாமா? கமிட்டியில் தனக்கு ஆட்கள் இருக்கிறார்கள், பேசி இடத்தை மாற்றித் தருகிறேன் என்று ஒருவர் வேறு அடிக்கடி போன் செய்கிறார்.

பதில்: ஊரைப் பற்றி அப்புறம் பேசுவோம், முதலில் அந்தப் போன்காரர். அவர் அனுப்பும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இந்த ஆட்கள் செய்வது எப்போதும் ஒன்றுதான். "உங்கள் சார்பில் பேச ஓர் அங்கீகாரக் கடிதம் மட்டும் போதும்" என்பார்கள். கடிதம் ஒரு பக்கம்தான் இருக்கும், அதில் நடுவில் எங்காவது "பிரத்யேக" என்று ஒரு வார்த்தை உட்கார்ந்திருக்கும். அதற்கு என்ன பொருள் என்றால், இந்த மேட்ச் சம்பந்தமாக இனிமேல் நீங்களே கூட்டமைப்புக்கு நேரடியாக எழுத முடியாது, எல்லாம் அவர் வழியாகத்தான். அந்தக் கடிதத்தைக் காட்டி அவர் இன்னொரு ஊர்க்காரர்களிடம் "ஆட்டக்காரர் என் கையில்" என்று சொல்லி அங்கே ஒரு கமிஷன், பரிசுத்தொகையில் உங்களிடம் ஒரு பங்கு. கமிட்டியில் ஆள் இருப்பது உண்மையாகவே இருக்கலாம், அப்படியென்றால் அது இன்னும் மோசம், நாளைக்கு எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு உங்கள் மகள் ஜெயித்த பட்டத்தையே கேள்வி கேட்கும். "ஸ்பான்சர் ரெடி" என்று நிறுவனச் சின்னங்கள் அச்சடித்த வழவழப்பான கோப்பு ஒன்றையும் காட்டுவார்கள். ஒரே ஒரு வங்கி உத்தரவாதக் கடிதம் கேட்டுப்பாருங்கள், அதற்கப்புறம் போன் குறைந்துவிடும்.

சரி, ஊர். எதிராளியின் ஊரில் ஆடுவதாலேயே ஒரு மேட்ச் அநியாயம் ஆகிவிடாது. செஸ்ஸில் உள்ளூர்க் கூட்டம் கத்தி உற்சாகப்படுத்த முடியாது, முன்வரிசையில் இருமினாலே நடுவர் திரும்பிப் பார்ப்பார். 2010 உலக சாம்பியன் மேட்சில் ஆனந்த், எதிராளி டோபலோவின் சொந்த நாடான பல்கேரியாவுக்குப் போய், சோஃபியாவில் ஆடி, கடைசி ஆட்டத்தைக் கருப்புக் காய்களோடு ஜெயித்து 6.5–5.5 என்று பட்டத்தைத் தக்கவைத்தார். அதே ஆனந்த் 2013-இல் சொந்த ஊரான சென்னையில் கார்ல்சனிடம் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் 3.5–6.5 என்று பட்டத்தை இழந்தார். ஊர் மட்டுமே முடிவைத் தீர்மானிக்கும் என்றால் இரண்டும் தலைகீழாக அல்லவா நடந்திருக்க வேண்டும்?

ஆனால் அந்த சோஃபியா மேட்சிலேயே நீங்கள் கவனிக்க வேண்டியதும் இருக்கிறது. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பாவில் விமானங்கள் நின்றுபோய், ஃபிராங்பர்ட்டில் மாட்டிக்கொண்ட ஆனந்த் சாலை வழியாகவே நாடு நாடாகக் கடந்து சோஃபியா போய்ச் சேர்ந்தார். மூன்று நாள் தள்ளிவைக்கக் கேட்டார். உள்ளூர் அமைப்பாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, கிடைத்தது ஒரு நாள். முதல் ஆட்டம் தோல்வி. எரிமலை வெடித்தது யார் தப்பும் இல்லை, ஆனால் இப்படி ஏதாவது நடந்தால் எத்தனை நாள் தள்ளலாம், அதை யார் முடிவு செய்வது என்று முன்கூட்டியே எழுதியிருந்தால் இந்த வாக்குவாதமே வந்திருக்காது.

ஆகவே ஊர்ப் பெயருக்காகச் சண்டை போடுவதைவிட, யார் முடிவெடுக்கிறார்கள் என்பதற்காகச் சண்டை போடுங்கள். இதற்கு 2006-இல் எலிஸ்டாவில் கிராம்னிக்கும் டோபலோவும் ஆடிய உலக சாம்பியன் மேட்சைவிட நல்ல உதாரணம் கிடையாது. கிராம்னிக் அடிக்கடி தன் ஓய்வறையின் தனிக் கழிப்பறைக்குப் போகிறார் என்று டோபலோவ் தரப்பு புகார் கொடுத்தது. மேல்முறையீட்டுக் குழு இருவருடைய தனிக் கழிப்பறைகளையும் மூடச் சொல்லி, பொதுவாக ஒன்றைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டது. ஒப்பந்தத்தில் இருந்ததை நடுவில் எப்படி மாற்றலாம் என்று கிராம்னிக் தன் ஓய்வறையை விட்டே வரவில்லை, ஐந்தாவது ஆட்டம் ஆடாமலேயே டோபலோவுக்குப் போயிற்று. பிறகு குழுவையே மாற்ற வேண்டியதாயிற்று, ஆனால் போன புள்ளி திரும்பவில்லை. எலிஸ்டா இருப்பது ரஷ்யாவில். கிராம்னிக் ரஷ்யர். சொந்த நாட்டில் ஆடியவர்தான் ஆட்டத்தை இழந்தார் (கடைசியில் டை-பிரேக்கில், அதாவது புள்ளிகள் சமமானதால் வைத்த வேக ஆட்டங்களில், பட்டத்தை ஜெயித்தார், அது வேறு). நீங்கள் கேட்க வேண்டியது எதிராளியின் ஊரோடோ சங்கத்தோடோ தொடர்பில்லாத மேல்முறையீட்டுக் குழு, பெயர்கள் முன்னாடியே எழுத்தில். அரங்க வசதிகளை மேட்சின் நடுவே இரு தரப்பு சம்மதமில்லாமல் மாற்றக் கூடாது என்று ஒரு வரி. அப்புறம் தங்குமிடம். உள்ளூர் ஆட்டக்காரர் இரவு வீட்டுக்குப் போய் தன் கட்டிலில் படுப்பார். உங்கள் மகளுக்கு விருந்து அரங்குக்கு மேலே அறை போட்டுக் கொடுத்துவிட்டு "அதே நட்சத்திர ஹோட்டல்தானே" என்பார்கள். அறையை நீங்களே முன்கூட்டிப் போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கேளுங்கள்.

அதிகத் தொகை சொன்ன ஊருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது நியாயம் இல்லை, வசதி. நியாயம் என்பது விண்ணப்பங்களை எல்லோருக்கும் திறந்து வைத்து, ஆட்டக்காரர்களைக் கேட்டு, எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்வது. 2024 உலக சாம்பியன் மேட்சுக்கு சென்னை, டெல்லி, சிங்கப்பூர் என மூன்று விண்ணப்பங்கள் வந்ததை உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே வெளியே சொன்னது, இரண்டு குகேஷின் நாட்டிலிருந்து வந்தும் சிங்கப்பூருக்குக் கொடுத்தது. செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. ஆனால் 2013-இல் விண்ணப்பங்களையே கேட்காமல் சென்னைக்குக் கொடுத்தார்கள், கார்ல்சன் தரப்பு ஆட்சேபித்தும் மாற்றவில்லை. 1993-இல் ஆட்டக்காரர்களைச் சரியாகக் கலந்துகொள்ளாமல் மான்செஸ்டர் என்று அறிவித்தார்கள், சாம்பியன் கஸ்பரோவும் அவரோடு மோதவிருந்த ஷார்ட்டும் ஃபிடேயை விட்டுப் பிய்த்துக்கொண்டு போய் லண்டனில் ஆடினார்கள், 2006 வரை உலகத்துக்கு இரண்டு சாம்பியன்கள். பணமும் அதில் சேர்ந்ததுதான், ஆனால் ஒரு மரியாதைக்காவது முன்கூட்டிக் கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இன்றைக்கும் பல கூட்டமைப்புகள் இடத்தை முடிவு செய்துவிட்டுத்தான் கருத்துக் கேட்கின்றன.

மறுக்கலாமா என்றால், பெரும்பாலும் வேண்டாம். 1983-இல், உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் சுற்றில், கஸ்பரோவ் கோர்ச்நோயோடு ஆட வேண்டிய அரையிறுதியை அமெரிக்காவின் பசடேனாவில் வைத்ததை கஸ்பரோவின் சோவியத் தரப்பு ஏற்கவில்லை, கஸ்பரோவ் ஆடாமலேயே தோற்றதாக அறிவிக்கப்பட்டார். பேச்சுவார்த்தை நடந்து, கோர்ச்நோயும் பெரிய மனது பண்ணி, மேட்ச் லண்டனில் நடந்தது. உங்கள் மகளுக்குப் பின்னால் சோவியத் யூனியன் இல்லை. விசா கிடைக்காது, பாதுகாப்பு இல்லை என்றால் மட்டும் மறுங்கள், அதையும் ஆதாரத்தோடு எழுத்தில்.

பாதிப் பாதி யோசனைக்கு வருகிறேன். இதில்தான் பெற்றோர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். காதால் கேட்பதற்கு இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது. 1986-இல் கஸ்பரோவும் கார்போவும் லண்டனில் 12, லெனின்கிராடில் 12 என்று ஆடியிருக்கிறார்கள். ஆனால் இரண்டாம் பாதி யார் ஊரில்? சமன் ஆனால் டை-பிரேக் எங்கே? இரண்டாம் பாதி நடக்கும் ஊரில்தான், டை-பிரேக்குக்காக யாரும் திரும்பப் பயணம் போக மாட்டார்கள். 2020 பெண்கள் உலக சாம்பியன் மேட்சில் சீனாவின் ஜு வென்ஜுனும் ரஷ்யாவின் கோர்யாச்கினாவும் ஷாங்காயில் ஆறு, விளாடிவோஸ்டாக்கில் ஆறு ஆடி 6–6 என்று நின்றது, டை-பிரேக் கோர்யாச்கினாவின் நாட்டிலேயே நடந்தது. ஜு வென்ஜுன் ஜெயித்தார் என்பதால் அதை யாரும் பேசுவதில்லை. ஆகவே எந்த ஊர் முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும், அதுவும் தொகைகள் தெரியும் முன்பே. இன்னொன்று, ஒரு ஊர் பின்வாங்கினால் என்ன? 1972 உலக சாம்பியன் மேட்சுக்கு ஃபிஷர் விரும்பியது பெல்கிரேட், ஸ்பாஸ்கி விரும்பியது ரெய்க்யவிக், இரண்டிலும் பாதிப் பாதி என்று முடிவானது. பெல்கிரேட் விலகியது, மொத்த மேட்சும் ரெய்க்யவிக்குக்குப் போயிற்று. உங்கள் ஊர்க்காரர்கள் ஸ்பான்சர் கிடைக்காமல் கடைசி வாரத்தில் கைவிரித்தால் எட்டு ஆட்டமும் எதிராளியின் ஊரில்தான், அப்போது மேலே சொன்ன எந்தப் பாதுகாப்பும் உங்களிடம் இருக்காது. "ஒரு ஊர் விலகினால் மூன்றாவது ஊருக்குப் புதிதாக விண்ணப்பம்" என்ற ஷரத்து இல்லாமல் இதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். நடுவே பயணத்துக்கும் ஓய்வுக்கும் குறைந்தது இரண்டு நாள், செலவு அமைப்பாளருடையது. எட்டே ஆட்டத்துக்கு இவ்வளவு பாடு தேவையா என்றால், என் அபிப்பிராயத்தில் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு ஊர் கொஞ்சம் குறைந்த தொகைக்குக் கிடைத்தால் அதைக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் எதிராளியின் ஊரையே நல்ல ஷரத்துகளோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

பரிசுத்தொகை மேட்ச் தொடங்கும் முன் கூட்டமைப்பின் கணக்கில் முழுவதும் வந்திருக்க வேண்டும், "வாக்குறுதி" என்பது கணக்கில் சேராது. அதிகத் தொகை என்று ஊரைக் கொடுத்துவிட்டுப் பாதியைக்கூட வசூலிக்க முடியாமல் நிற்கும் கூட்டமைப்புகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

ஊர் அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்படும் முன்பே, இந்த வாரமே கூட்டமைப்புக்கு எழுதிவிடுங்கள், அறிவித்த பிறகு எழுதினால் அதைப் புகார் என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். நகலை எதிராளியின் தரப்புக்கும் அனுப்புங்கள். நடுநிலையான குழுவும் முன்கூட்டிக் கட்டிய பணமும் அவர்களுக்கும் வேண்டியவைதான், இரண்டு தரப்பும் சேர்ந்து கேட்டால் கமிட்டிக்கு மறுக்கக் காரணம் கிடைக்காது. அந்தப் போன்காரருக்கு மட்டும் நகல் வேண்டாம்.