நல்ல களப்பணியாளர், தடுமாறும் ஒருங்கிணைப்பாளர்

வணக்கம். குடியாத்தம் பக்கம் 9 மாலை வகுப்பு மையங்கள். பதவி உயர்த்திய ஒருங்கிணைப்பாளர் எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்கிறார், தன்னார்வலர்கள் கழன்றுகொள்கிறார்கள், சம்பளம் கூட்ட வழியில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

சம்பளம் குறைந்தால் அதிருப்தி வரும், கூட்டினால் மட்டும் ஊக்கம் வந்துவிடாது என்று வேலை ஊக்கத்தை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே சொல்லிவிட்டார். அதற்காகப் பயணப்படியை இழுத்தடிக்காதீர்கள். சொந்தப் பெட்ரோலில் பேரணாம்பட்டு போய்வந்தவருக்கு இரண்டு மாதம் கழித்துப் பணம் கொடுத்தால், சேவை மனப்பான்மைப் பேச்சு காதில் ஏறாது.

அசல் சிக்கல் வேறு. பதவி கொடுத்தீர்கள், முடிவெடுக்கும் உரிமை கொடுத்தீர்களா? ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: தானே முடிவு செய்வது, செய்துவிட்டுச் சொல்வது, கேட்டுவிட்டுச் செய்வது. மாதம் 1,000 ரூபாய் வரை சாக்பீஸ், ஜெராக்ஸ் செலவு முதலாவதில். மைய நேரத்தை மாற்றுவது இரண்டாவதில். ஆளை நிறுத்துவது மூன்றாவதில். அதன்பிறகு ஒருங்கிணைப்பாளரைத் தாண்டி நீங்களே தன்னார்வலருக்கு போன் போட்டால் அந்தத் தாள் வெறும் குப்பைதான். பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது.

முதல் மாதம் 2 மையங்களை மட்டும் அனுபவமுள்ள தன்னார்வலர் ஒருவரிடம் ஒருங்கிணைப்பாளர் முழுசாக ஒப்படைக்கட்டும். வாரம் 30 நிமிடம் ஒருங்கிணைப்பாளரோடு தனியாக உட்காருங்கள். 20 நிமிடம் அவர் பேச. 'எத்தனை பிள்ளைகள் வந்தார்கள்?' என்று ஆரம்பித்தால் அது அறிக்கை வாங்குவதாகிவிடும். 'இந்த வாரம் எதை வேறொருவரிடம் விட்டீர்கள்?' என்று கேளுங்கள்.

விலகியவர்களிடமும் காரணம் கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் பீடி சுற்றும் பெண்ணுக்கு மாலை 6 மணி ஒத்துவராமல் இருந்திருக்கலாம். அதற்கு ஊக்கப் பயிற்சி எதற்கு, நேரத்தை மாற்றினால் போதும்.