சித்தப்பாவின் ரயில்கள் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் சித்தப்பா எட்டு மாதங்களுக்கு முன்பு காலமானார். அவருக்குக் குழந்தைகள் இல்லை. எஞ்சின்களும் பெட்டிகளுமாக 60க்கு மேற்பட்ட மாதிரி ரயில்களைச் சேர்த்து வைத்திருந்தார். பெரும்பாலானவை இங்கிலாந்தின் ஹார்ன்பி கம்பெனி செய்தவை, சில ஜெர்மனியின் மார்க்லின், மூன்று மட்டும் அவரே தகட்டில் செய்தவை. இப்போது வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு வியாபாரி மொத்தமாக 40,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். கையால் செய்தவை ஓடாது என்பதால் அவற்றுக்கு விலை கிடையாதாம். இடத்தை அடைத்துக்கொண்டிருந்த அட்டைப் பெட்டிகளைக் காயலான் கடையில் போட்டுவிட்டோம். தூசி துடைத்து மாளவில்லை என்று சித்தியும் சொல்லிக்கொண்டிருந்தார். இவற்றை விற்பது சித்தப்பாவுக்குச் செய்யும் துரோகமா?

ச.

அன்புள்ள ச.,

துரோகம் எதுவும் இல்லை. ஓட்டிப் பார்க்க ஆளில்லாத வீட்டில் கிடந்து துருவேறுவதைவிட, எண்ணெய் போடத் தெரிந்த ஒருவர் கைக்கு அவை போய்ச் சேர்வதே நல்லது. 40,000 ரூபாய் நியாயமா என்பதைப் பொருளைப் பார்க்காமல் நான் சொல்வதற்கில்லை. ஆனால் பழைய ஹார்ன்பியைத் தேடி வாங்குபவர்கள் அந்தந்த எஞ்சினுக்கு உரிய அட்டைப் பெட்டியோடு கிடைத்தால் கூடுதல் விலை கொடுப்பார்கள் என்பது அந்த வியாபாரிக்குத் தெரியாமல் இருக்காது. அதை நீங்கள் கிலோக் கணக்கில் போட்டது மடத்தனம். போனது போகட்டும். இனிமேலாவது எதையும் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், வண்ணம் பூசாதீர்கள். ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசையில் மார்க்லினுக்கு உரிய டிரான்ஸ்ஃபார்மரில் ஹார்ன்பியைப் பொருத்திவிடவும் வேண்டாம். அது மாறுமின்னோட்டத்தில் ஓடுவது, இது நேர்மின்னோட்டத்தில் ஓடுவது, மோட்டார் கருகிவிடும்.

இவ்வளவோடு இந்தப் பதிலை முடித்திருப்பேன். ‘கையால் செய்தவை ஓடாது’ என்ற ஒரு வரிதான் முடிக்க விடவில்லை. சென்ற மாதம் எங்கள் பெரியம்மாவின் திவசத்தன்று முழுக்க இதே வாக்கியத்தைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெரியப்பா பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டர். செம்பியத்தில் ஓட்டு வீடு. கடையில் விற்கும் ரயிலை வாங்கும் வசதி அவருக்கு இருந்ததில்லை என்பதால், டால்டா டின்னை வெட்டித் தட்டி, ஈயம் பற்றவைத்து, தாமே ரயில் செய்வார். 1985இல் எரிந்துபோன பழைய மூர் மார்க்கெட்டில் உடைசலாக வாங்கிவந்த வெளிநாட்டு எஞ்சின்களிலிருந்து மோட்டாரை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்வார். நம் அகலப்பாதையில் ஓடிய டபிள்யூ.பி. நீராவி எஞ்சினைப் போல அவர் செய்த எஞ்சினின் குவிந்த மூக்கு, நாங்கள் குழந்தைகளாக இருந்தபோது மருந்து புகட்டிய கரண்டியின் குழிதான்.

1996இல் அவர் இறந்த பிறகு, இரண்டு எஞ்சின்களையும் ஆறு பெட்டிகளையும் விற்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வாங்க வந்தவர் தாம் கொண்டுவந்திருந்த ஒரு முழம் தண்டவாளத்தில் டபிள்யூ.பி.யை வைத்துப் பார்த்தார். சக்கரங்கள் இரு பக்கமும் வெளியே விழுந்தன. “அளவே தப்பு சார், இது எந்தத் தண்டவாளத்திலும் நிற்காது” என்றார். பெரிய படிப்பில்லாத மனிதர் கண்ணளவில் செய்தது, தவறாகத்தானே இருக்கும் என்று எண்ணி நான் கூசிப்போனேன். அவர் நீட்டிய 1,500 ரூபாயை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அன்று இரவு சோறு போடும்போது பெரியம்மா கேட்டார்: “பலகையையும் சேத்துக் குடுத்தியா?” எந்தப் பலகை என்று கேட்டேன். “அவர் வண்டி அந்தப் பலகையிலதானே ஓடும். கடை ரயிலு சீமை அகலம், நான் செய்யறது நம்மூரு அகலம்னு சொல்லுவாரே.” பித்தளைக் கம்பியைத் தண்டவாளமாகப் பதித்து, பரணில் அவர் வைத்திருந்த ஆறடிப் பலகை அது. முந்தின வாரம் நான்தான் அதை வெந்நீர் அடுப்புக்கு உடைத்துப் போட்டிருந்தேன்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைகளில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தின், அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்காகச் செய்யும் மாதிரி ரயிலுக்கான தண்டவாளத்தின், அகலம் 16.5 மில்லிமீட்டர். அதை 87ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,435 வரும். அது ஐரோப்பாவில் பெரும்பாலும் உள்ள பாதை. டல்ஹவுசி காலத்தில் நமக்கென்று முடிவான அகலப்பாதை ஐந்தடி ஆறங்குலம், அதாவது 1,676 மில்லிமீட்டர்; அதை 87ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. நம் ஊர் எஞ்சினைச் சரியான விகிதத்தில் செய்தால் அது கடைத் தண்டவாளத்தில் நிற்கவே கூடாது. சீமைக்காரர்களே தங்கள் ஊர் வண்டியை இதே 16.5இல்தான் ஓட்டுகிறார்கள். ஹார்ன்பியின் விகிதம் 1:76.2 என்பதால், கணக்குப்படி அவர்களுடைய பாதை 1,257 மில்லிமீட்டராகக் குறுகிவிடுகிறது. ஆனால் அதை அளவு தப்பு என்று சொல்லி யாரும் விலையைக் குறைப்பதில்லை. அளவு சரியாக இருந்தவை பெரியப்பாவின் ரயில்கள்தான். அன்றைக்கு அந்த வீட்டில் அந்த அளவு தெரிந்தவர் நானும் அல்ல, வாங்க வந்தவரும் அல்ல. எட்டாவது தாண்டாத பெரியம்மாதான். அவரை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்களுக்கும் தோன்றவில்லை. உங்கள் கடிதத்தில் சித்தி ஒரே ஒரு முறை வருகிறார், அதுவும் தூசி துடைப்பவராக. அத்தனை வருடம் துடைத்தவருக்கு எது எந்த வருடம் வந்தது, எதன் விலையை உங்கள் சித்தப்பா குறைத்துச் சொன்னார், எது பழுதாகி எங்கே போய்த் திரும்பியது என்பதெல்லாம் தெரிந்திருக்கும் என்று உங்களுக்கு ஏன் படவில்லை? சட்டப்படியும் அவற்றில் அவருக்கு உரிமை உண்டு என்பதையாவது நினைத்தீர்களா? விற்கலாமா என்று முன்பின் தெரியாத என்னைக் கேட்கிறீர்கள்; பக்கத்து அறையில் இருப்பவரைக் கேட்கவில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபத்தேழு வயதில் நான் செய்ததையே நீங்களும் செய்யும்போது கை பதறுகிறது, அவ்வளவுதான்.

வியாபாரியை அடுத்த மாதம் வரச் சொல்லுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை சித்தியை உட்கார வைத்து, ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்து, அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த மூன்றையும் திருப்பிப் போட்டு, இரு சக்கரங்களின் உட்புறத்துக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். 14 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் அவை கடைத் தண்டவாளத்துக்காகச் செய்யப்பட்டவை. ஓடாததற்கு வேறு காரணம் இருக்கும். 17ஐ ஒட்டி இருந்தால், வீட்டைக் காலி செய்வதற்கு முன் பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் ஒரு பலகை கிடக்கிறதா என்று தேடுங்கள். அளவை எனக்கும் எழுதுங்கள்.