கோழிக்குள் உயிரை வைத்தால் என்ன?

மலையிலிருந்து பதில்கள்

(பதில் எழுதுபவர் பூம்பாறையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கிளை நூலகர்.)

கேள்வி: போன மாதம் கொடைக்கானல் வந்தபோது இரண்டு கிலோ மலைப்பூண்டு வாங்கினேன். அதற்குள் முளை விட்டுவிட்டதே?
– வாசகி, மதுரை

பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருப்பீர்கள். எங்கள் வீடுகளில் பூண்டைத் தண்டோடு சேர்த்துக் கட்டி, விறகடுப்புக்கு மேலே புகை படுகிற பரணில் தொங்க விடுவோம். மாசக்கணக்கில் கிடக்கும். உங்களிடம் பரண் இருக்காது. காற்றாடத் தொங்க விடுங்கள், சீக்கிரம் சாப்பிட்டும் விடுங்கள்.

கேள்வி: தாத்தா, ஹாரி பாட்டரில் வோல்ட்மார்ட் சாகாமல் இருக்கத் தன் ஆன்மாவைத் துண்டாக்கி டைரி, மோதிரம், லாக்கெட், கோப்பை என்று பேர்பெற்ற சாமான்களில் ஒளித்து வைக்கிறான். ஒரு கூழாங்கல்லில் வைத்துக் கடலில் போட்டிருந்தால் யார் கண்டுபிடித்திருக்க முடியும்? அவ்வளவு பெரிய மந்திரவாதிக்கு இது தோணாதா?
– ப்ளஸ் ஒன் மாணவி, வத்தலக்குண்டு

பாப்பா, இதே கேள்வியை அறுபது வருஷத்துக்கு முன்னால் நானும் கேட்டேன். கேட்டது எங்கள் அம்மாச்சியிடம். அவர் பூண்டு உரித்துக்கொண்டே கதை சொல்லுவார். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஆலமரப் பொந்தில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் கிளி, கிளிக்குள் அரக்கன் உயிர். கிளியின் காலைத் திருகினால் அங்கே அரக்கனுக்குக் கால் போகும். “எதுக்கு அம்மாச்சி அவ்வளவு தூரம்? நம்ம வீட்டுக் கோழிக்குள்ள வச்சா யாருக்குத் தெரியும்?” என்றேன். அம்மாச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கோழிக்குள்ள வச்சா, விருந்தாளி வந்தா போச்சுல்ல.”

ரஷ்யாவிலும் ஒரு கிழவன் உண்டு, கொஷ்சேய் என்று பெயர். அவன் சாவு ஓர் ஊசி முனையில். ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள், பெட்டி ஒரு தீவில் ஓக் மரத்தடியில். ஊர் ஊராக இப்படிக் கதைகள் இருப்பதைப் பார்த்து, ஜேம்ஸ் ஃப்ரேசர் என்ற அறிஞர் 1890-இல் வெளியிட்ட பெரிய நூலில் இவற்றைத் திரட்டி வைத்தார். அநேகமாக எல்லாக் கதையிலும் ரகசியத்தை உடைப்பது அரக்கன் வாய்தான். சிறைப்பட்ட ராஜகுமாரி நைசாகப் பேசிக் கேட்பாள். முதலில் பொய் சொல்லுவான், அப்புறம் உளறிவிடுவான்.

வோல்ட்மார்ட் யாரிடமும் உளறவில்லை. ஆனால் அவன் எடுத்த சாமான்கள் உளறின. அநாதை விடுதியில் வளர்ந்தவன், தனக்கு ஒரு பெரிய வம்சம் வேண்டும் என்று துடித்தவன். தாய்வழித் தாத்தா வீட்டு மோதிரம், தாய் விற்ற லாக்கெட், பள்ளியை நிறுவியவர்களின் கோப்பை, மகுடம் என்று தேடித் தேடி எடுத்தான். இவனைத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து யோசித்தால் பட்டியல் போட்டுவிடலாம், பள்ளியின் தலைமையாசிரியர் டம்பிள்டோர் அதைத்தான் செய்தார். பள்ளியை நிறுவிய நான்கு பேரில் கிரிஃபிண்டாரின் பொருள் மட்டும் அவன் கைக்குச் சிக்கவில்லை. அதுதான் வாள். மோதிரம், லாக்கெட், இன்னொரு துண்டை அவன் வைத்திருந்த பாம்பு மூன்றையும் முடித்தது அதே வாள். இந்த இடத்தைப் படித்தபோது நூலகத்தில் உட்கார்ந்தபடியே சபாஷ் போட்டேன்; பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னொன்று. நம் அரக்கன் கிளிக்குள் உயிரை வைக்க யாரையும் கொல்ல வேண்டியதில்லை. பெட்டகத்தில் நகை வைக்கிற மாதிரி முழு உயிரையும் வைத்துவிட்டுப் போகிறான். வோல்ட்மார்ட்டின் ஹார்க்ரக்ஸ், அதாவது ஆன்மாத் துண்டை ஒளித்த பொருள், செய்ய ஒரு கொலை வேண்டும். கொலை ஆன்மாவைக் கிழிக்கும், கிழிந்த துண்டு பொருளுக்குள் போகும். அப்படிக் கிழித்துக் கிழித்து, கடைசியில் ஒரு துண்டு அழிந்தால்கூட வோல்ட்மார்ட்டுக்கு உறைக்கவில்லை. அரக்கனுக்காவது கால் வலித்தது.

சரி, கூழாங்கல்லுக்கு வருகிறேன். அதற்கு என் தாய்மாமா கதையைச் சொல்ல வேண்டும்.

அம்மாச்சிக்கு ஒரு ஜோடித் தங்கத் தோடு இருந்தது. அடகு வைக்க மாமா கண் வைத்திருந்தார். அரிசிப் பானை, அஞ்சறைப் பெட்டி எல்லாம் அவருக்கு அத்துப்படி. அம்மாச்சி என்ன செய்தார் தெரியுமா? ஒரு பூண்டின் தோலை நகத்தால் மெல்லப் பிரித்து, பல்லுக்கு நடுவே தோட்டைச் செருகி, நூலால் சுற்றி, விதைப்பூண்டுக் கட்டோடு கட்டாகப் பரணில் ஏற்றிவிட்டார். உன் கூழாங்கல் யோசனைதான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மன்னவனூரில் ஒரு சாவு. மூன்று நாள் கழித்துத் திரும்பினால் பரண் காலி. நல்ல விலை என்று மாமா மொத்தத்தையும் வடுகப்பட்டிச் சந்தைக்கு ஏற்றிவிட்டிருந்தார். பாவம், அவர் அன்றைக்கு ஒரு திருட்டும் செய்யவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் அம்மாச்சி கிளம்பினார், கூட நான். மண்டிக்குள் என் நெஞ்சு உயரத்துக்குப் பூண்டுக் குவியல்கள். பெண்கள் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார்கள், சருகு பறந்து கண்ணில் விழுந்தது. அம்மாச்சி ஒரு பூண்டை எடுத்தார், மோந்து பார்த்தார், வைத்துவிட்டார். எனக்கு போண்டா வாங்கிக் கொடுத்தார். காதுத் துளை தூர்ந்துவிடக் கூடாது என்று அப்புறம் கடைசிவரை விளக்குமாற்று ஈர்க்குதான் செருகியிருந்தார்.

வோல்ட்மார்ட்டால் அந்த மாதிரி ஒரு பூண்டை வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. கோப்பை திருடு போனது தெரிந்ததும் மற்றதெல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வோர் இடமாகப் பார்க்க ஓடினானே, அந்தப் பதற்றத்தில் அவன் மனசில் ஓடியதைப் பார்த்துத்தான் இன்னொன்று பள்ளிக்குள் இருக்கிறது என்று ஹாரிக்குத் தெரிந்தது. சாவுக்கு அவ்வளவு பயப்படுகிறவன் கடலில் எறிந்துவிட்டுத் தூங்குவானா?

நம் மலையடிவாரத்திலேயே இதற்கு நேர்மாறான கதை ஒன்று இருக்கிறது. போகர் ஒன்பது நஞ்சுகளைக் கட்டி நவபாஷாணத்தில் பழனி முருகனைச் செய்தார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. எங்கள் ஊர்க் கோயில் முருகனான குழந்தை வேலப்பரையும் அவர் செய்ததாகவே சொல்லுவோம். சாகாக்கலை தேடிய சித்தர் அவர். கிளி இல்லை, பெட்டி இல்லை. மலை உச்சியில் நிறுத்தி வைத்தார். அந்த மேனியில் பட்ட பஞ்சாமிர்தத்தை மருந்து என்று ஊரெல்லாம் வாங்கித் தின்றது. நீ பழனிக்குப் போனால் பிராகாரத்தில் அவர் சமாதியையும் பார்த்துவிட்டு வா.

கேள்வி: அடுத்த குறிஞ்சி எப்போது?
– வாசகர், திண்டுக்கல்

2018-இல் பூத்தது, அடுத்து 2030. நடுவில் அங்கங்கே தப்புப்பூ பூக்கும், அதை நம்பிக் காரை எடுக்காதீர்கள். பூத்து விதை விட்டதும் செடி செத்துவிடும். நான் 1970, 82, 94, 2006, 2018 என்று ஐந்து முறை பார்த்திருக்கிறேன். ஆறாவதுக்கு இங்கேதான் இருப்பதாக உத்தேசம். வந்தால் வீட்டுக்கு வாருங்கள், பூண்டு ரசம் உண்டு. பல் உரிக்கும்போது மட்டும் கொஞ்சம் பார்த்து உரியுங்கள்.