புறாக்கூட்டுச் செள் மனித உடம்பில் குடியேறுமா?

பாளையங்கோட்டை வீட்டில் ஜன்னல் மேல் இருந்த புறாக்கூட்டில் குஞ்சுகள் பறந்துபோனதிலிருந்து ராத்திரியில் ஒரே அரிப்பு, கூட்டிலிருந்த செள் (ரத்தம் குடிக்கும் பொடிப் பூச்சி) உடம்பில் குடியேறிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குடியேறாது. பறவைச் செள்ளுக்குப் பறவை ரத்தம்தான் வேண்டும். கூடு காலியானதும் பசியில் வீட்டுக்குள் இறங்கி நம்மைக் கடிக்கும். ஆனால் நம் ரத்தத்தை மட்டும் நம்பி அதனால் பெருக முடியாது. தோலுக்குள் வளை தோண்டுவது சொறிசிரங்குப் பூச்சி, அது வேறு.

அப்புறம் ஏன் இவ்வளவு அரிப்பு? கடிக்கும்போது செள்ளின் எச்சில் தோலில் இறங்குகிறது. அதிலுள்ள புரதங்களை நம் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நியமாகப் பார்க்கிறது. தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு செல்கள், அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்ட, தடிப்பும் அரிப்பும் வருகின்றன. டி செல்கள் என்ற இன்னொரு வகை எதிர்ப்பு செல்கள் தாமதமாக வந்து சேர்வதால் சிவந்த பருக்கள் சில நாள் நீடிக்கும். திரும்பத் திரும்பக் கடிபட்டால் சிலருக்கு எதிர்வினை கூடும். ஒரே பாயில் படுத்த இருவரில் ஒருவர் மட்டும் சொறிவதும் இதனால்தான்.

பூச்சிமருந்தை உடம்பில் தடவாதீர்கள், ஆபத்து! காலிக்கூட்டைக் கையுறை போட்டு அகற்றி, ஜன்னல் இடுக்குகளைச் சுத்தம் செய்யுங்கள். படுக்கை விரிப்புகளை வெந்நீரில் துவையுங்கள். அரிப்புக்கு கேலமைன் லோஷன் தடவினால் போதும். சீழ் பிடித்தால் தோல் மருத்துவரிடம் போங்கள்.