மாமியார் நிலத்தில் வீடு: இசான் கிராமத்துக்குக் குடிபோகும் முன்

கேள்வி: பாங்காக்கில் 9 வருடமாக வேலை பார்க்கிறேன். மனைவி இசானில், அதாவது வடகிழக்குத் தாய்லாந்தில், ரோய் எட் பக்கம் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர், வீட்டுக்குக் கடைசிப் பெண். எங்களுக்கு 6 வயதில் ஒரு மகள். மாமனார் காலமான பிறகு மாமியார் தனியாக இருக்கிறார். "இங்கேயே வந்துவிடுங்கள், என் நிலத்தில் வீடு கட்டிக்கொள்ளுங்கள்" என்கிறார். கையில் 15 லட்சம் பாட் சேமிப்பு. எல்லாவற்றையும் வீட்டில் போடலாமா? மகளின் படிப்பு என்னாகும்?

பதில்: போங்கள். ஆனால் 15 லட்சத்தையும் வீட்டில் போட வேண்டாம். நிலப் பத்திரத்தின் பின்பக்கத்தை உங்கள் கண்ணால் பார்க்கும் வரை ஒரு செங்கல் கூட இறக்க வேண்டாம்.

மாமியாரின் அழைப்பைச் சந்தேகப்படத் தேவையில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "வீட்டோட மாப்பிள்ளை" என்ற சொல்லில் நம் ஊரில் ஒரு குத்தல் உண்டு. இசானில் அதுதான் வழக்கம். மணமானவன் பெண் வீட்டுக்குப் போவான். கடைசிப் பெண் பெற்றவர்களோடு தங்கி அவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்வாள், வீடும் அவளுக்கே வரும். ஆக அவர் கேட்பது முறையானதுதான். அதோடு ஒரு பொறுப்பும் வருகிறது: அவர் படுக்கையில் விழுந்தால் அருகில் இருக்க வேண்டியவர்கள் நீங்கள் இருவரும்தான். இதை நீங்களும் மனைவியும் மனம்விட்டுப் பேசிவிட்டீர்களா?

இப்போது நிலம். தாய்லாந்தில் வெளிநாட்டவர் பெயரில் நிலம் வாங்க முடியாது. ஆனால் நிலத்தின் மேல் நிற்கும் கட்டிடம் உங்களுடையதாக இருக்கலாம். அதற்கு "சித்தி நுவா ஃபூன்தின்" என்று ஓர் உரிமை உண்டு. அடுத்தவர் நிலத்தில் கட்டிடம் வைத்துக்கொள்ளும் உரிமை அது. 30 வருடம் வரையோ, உங்கள் ஆயுளுக்கோ, நில உரிமையாளரின் ஆயுளுக்கோ எழுதலாம். உங்கள் ஆயுளுக்கு எழுதுங்கள். நில அலுவலகத்தில் பதிந்தால்தான் அது செல்லும். வீட்டில் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் போதாது.

பலர் தவறவிடும் இடம் இது. நிலத்தை முதலில் மனைவி பெயருக்கு மாற்றி, பிறகு அவரிடம் உரிமை எழுதி வாங்குகிறார்கள். தாய் சிவில் சட்டத்தின் 1469ஆம் பிரிவுப்படி, கணவன் மனைவி தங்களுக்குள் செய்துகொண்ட சொத்து ஒப்பந்தத்தை மணவாழ்க்கையின்போதோ விவாகரத்தாகி ஒரு வருடத்துக்குள்ளோ இருவரில் யார் வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். நிலம் மாமியார் பெயரில் இருக்கும்போதே அவரிடம் எழுதி வாங்கினால் அது கணவன் மனைவி ஒப்பந்தம் ஆகாது. நாளை நிலம் உங்கள் மனைவிக்குப் போனாலும் மைத்துனருக்குப் போனாலும் உரிமை பத்திரத்திலேயே இருக்கும். மாமியார் பணம் வாங்காமல் கொடுத்தால் பதிவுக் கட்டணமும் மிகக் குறைவு. கட்டிட அனுமதி, மேஸ்திரியோடு ஒப்பந்தம், கம்பி சிமென்ட் ரசீது எல்லாம் உங்கள் பெயரில் இருக்கட்டும். வீட்டுப் பதிவேடான "தபியன் பான்" வீட்டு உரிமைக்குச் சான்று ஆகாது.

பத்திரம் எந்த வகை என்று பாருங்கள். மேலே சிவப்புக் கருடன் இருந்தால் "சனோட்", முழு உரிமைப் பத்திரம். "சோ போ கோ" என்றால் நிலச் சீர்திருத்தத்தில் உழவருக்குக் கொடுத்த நிலம். இசானில் இது ஏராளம். வாரிசுக்குப் போகும், வெளியாருக்கு விற்க முடியாது. அந்த நிலத்தில் உங்கள் சேமிப்பைக் கொட்டாதீர்கள்.

சனோட்டின் பின்பக்கம்தான் நம் ஊர் வில்லங்கச் சான்று போல. தேதி, எந்த வகைப் பதிவு, யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். 12 வருடம் முன்பு என் மாமியாரின் பத்திரத்தை நில அலுவலக மேசையில் திருப்பிப் பார்த்தோம். மனைவி ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்து வந்தாள். கடைசி வரியில் விரல் நின்றுவிட்டது. மைத்துனர் வாங்கிய உழவு இயந்திரத்துக்காக நிலம் வங்கியில் அடமானம். யாரும் எங்களிடம் மறைக்கவில்லை. வருடா வருடம் அறுவடை முடிந்ததும் கட்டுகிற தவணையை அந்த வீட்டில் யாரும் கடனாக நினைத்ததே இல்லை. அதை அடைக்க எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை பழைய மரவீட்டிலேயே இருந்தோம். அடமானத்துக்குப் பிறகு, வங்கியின் சம்மதம் இல்லாமல் பதியும் உரிமை வங்கிக்கு முன்னால் நிற்காது. நிலம் ஏலத்துக்குப் போனால் உங்கள் உரிமையும் போய்விடும். அடமானம் இருந்தால் முதலில் அதை மீட்டுவிடுங்கள்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? திருமண விசா நீட்டிப்புக்கு 4 லட்சம் பாட் உங்கள் பெயரில் தாய்லாந்து வங்கியில், விண்ணப்பத்துக்கு முன் 2 மாதம் அசையாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் மாதம் 40,000 வருமானம் காட்ட வேண்டும். கிராமத்தில் அது கடினம். ஆக அந்த 4 லட்சத்தை மறந்துவிடுங்கள். மிச்சத்தில் இரண்டு வருடக் குடும்பச் செலவை ஒதுக்கிவிட்டு, 7 லட்சத்துக்குள் சிறிய வீடாகக் கட்டுங்கள். பின்னால் ஓர் அறை சேர்த்துக்கொள்ளலாம்.

ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன்பே விசாவுக்கான அந்த 4 லட்சம் வங்கியில் இருக்கட்டும். வேலை விசா வேலையோடு முடிந்துவிடும். திருமணம் "அம்போ" என்ற வட்டார அரசு அலுவலகத்தில் பதிவானதா? கையில் நூல் கட்டி ஊர் கூடி நடந்த சடங்கு எவ்வளவு நிறைவாக இருந்தாலும் குடிவரவு அலுவலகம் கேட்பது பதிவுச் சான்றைத்தான். கிராமத்துக்குப் போன பிறகு 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிப்பதும் உண்டு.

மருத்துவத்தில் ஒன்றை மறக்காதீர்கள். மனைவிக்கும் மகளுக்கும் அரசின் தங்க அட்டைத் திட்டம் கிடைக்கும், உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் வேலை பார்ப்பவர்களின் மருத்துவச் செலவைப் பார்க்கும் சமூகப் பாதுகாப்பு நிதியில் 12 மாதமாவது கட்டியவர், வேலையை விட்ட 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் சொந்தமாகக் கட்டித் தொடரலாம். இந்த 6 மாதத்தைக் கோட்டைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மகளுக்கு வருவோம். பள்ளி ஆண்டு மே நடுவில் தொடங்கும், அதற்குள் போய்விடுங்கள். கிராமப் பள்ளியில் பிள்ளைகள் 120 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அது சிறு பள்ளிக் கணக்கு. ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பைப் பார்ப்பது அங்கே சகஜம். எத்தனை ஆசிரியர்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். போதுமான ஆசிரியர்கள் இருந்தால் முதல் இரண்டு வருடம் அங்கேயே படிக்கட்டும். மாமா பெரியம்மா பிள்ளைகளோடு நடந்து போய் வருவது அவளுக்கு ஊரைச் சொந்தமாக்கும். பிறகு டவுன் பள்ளி வேன் இருக்கிறது.

மொழி பற்றிப் பயப்படாதீர்கள். சாப்பாடு நன்றாயிருந்தால் பள்ளியில் "அரோய்" என்பாள், அம்மாச்சியிடம் "ஸேப்" என்பாள். தாய் மொழியும் இசான் மொழியும் தானாக வந்துவிடும். தமிழ் தானாக வராது. பாங்காக்கிலாவது சீலோம் மாரியம்மன் கோயில் பக்கம் நாலு தமிழ்க் குரல் காதில் விழும். அங்கே உங்கள் குரல் ஒன்றுதான். அவளிடம் தமிழில் மட்டும் பேசுங்கள், அவள் தாய் மொழியில் பதில் சொன்னாலும். முருங்கையும் புளியும் கோவைக்கீரையும் அந்த மண்ணிலேயே விளைகின்றன. அடுப்படியிலிருந்தே தொடங்கலாம்.

உரிமை எழுதும் பேச்சை மாமியாரிடம் நீங்கள் எடுக்காதீர்கள், மனைவி எடுக்கட்டும். பேத்தி வாழும் வீடு யாருடைய கடனுக்கும் போய்விடக் கூடாது என்பதைச் சொன்னால் அவருக்குப் புரியும், உண்மையும் அதுதான். நில அலுவலகத்துக்குப் போகும் நாளில் மூலப் பத்திரம், அவருடைய அடையாள அட்டை, தபியன் பான், உங்கள் பாஸ்போர்ட், திருமணச் சான்று எல்லாம் வேண்டும். முந்தின நாள் இரவே மனைவியை உட்காரவைத்து, தாய் எழுத்தில் உங்கள் பெயர் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நம் இனிஷியல் ஒரு தாளில் எழுத்தாகவும் இன்னொன்றில் அப்பா பெயராகவும் இருக்கும். "ழ"வும் "ண"வும் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதப்பட்டிருக்கும். எங்களை இதற்காகவே ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள், 70 வயது மாமியார் வெயிலில் இரண்டாவது முறை வர வேண்டியதாயிற்று.